லென்ஸ் வைத்துப் பார்த்த பட்டன்

செவ்வாய், இரவு.

எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும். பட்டாசு லேபிள் அச்சடிக்கும் எங்கள் முதலாளியிடம் இன்று, புரோகிராம் எழுத உதவும் என் சாஃப்ட்வேர் லைப்ரரியைக் காட்டினேன். புரோகிராமை ஒரு முறை எழுதினால் போதும், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். திரையில் அமுக்கும் பட்டனை நான் வரைவதில்லை. அந்தந்தக் கம்ப்யூட்டரிடமே கேட்டு வாங்குகிறேன். அதனால் எங்கே போனாலும் உள்ளூர்க்காரன் மாதிரி இருக்கும். இதற்குத்தான் ஒரு வருஷம் மண்டையை உடைத்தேன்.

அந்த மகானுபாவர் அச்சுப்புள்ளி பார்க்கும் லென்ஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். விண்டோஸ் திரையிலும் மேக் திரையிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தார்.

"கலர் ஒத்து வரலையே தம்பி. இங்கன நீலம், அங்கன சாம்பல். இப்படி லேபிள் அடிச்சா பார்ட்டி லோடைத் திருப்பி அனுப்பிருவான்."

வேறு வேறாக இருப்பதுதான் சரி என்று விளக்கினேன்.

"அம்புட்டும் சரி. ஒண்ணுபோல இருக்கணும்ல?"

லேபிள் டிசைனர் முருகேசன் எழுந்தான். விண்டோஸ் திரையைப் படம் பிடித்து, மேக்கில் முழுத்திரைக்கும் திறந்து வைத்தான். முதலாளி மறுபடி லென்ஸ் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பட்டனை அமுக்கிப் பாருங்க" என்றேன்.

அமுக்கினார். படம் எப்படி அமுங்கும்? இன்னும் அழுத்தி அமுக்கினார்.

"கம்ப்யூட்டர் பழசு" என்று தீர்ப்புச் சொன்னார். "ஏலே முருகேசா, எல்லாத்துக்கும் இதையே போட்ரு." பிறகு என் பக்கம் திரும்பி, "இவன்கிட்ட கொஞ்சம் கத்துக்கிடுங்க தம்பி" என்றார்.

நாளைக் காலை முருகேசன் எனக்குப் பாடம் எடுக்கிறான்.