மெயிலில் என் பெயர்

14.8.2006, திங்கள், ராயபுரம்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் சேகருக்கு நேற்று நானே தட்டி மெயில் அனுப்பினேன். "இன்னா மலரு, நைனா சொல்லச் சொல்ல நீ அடிச்சியா?" என்று பதில் வந்தது. துறைமுகத்தில் கடைசி வரை கைநாட்டு வைத்தவன் நான். வேலையை விட்ட பிறகு எழுதப் படிக்கக் கற்றது அவனுக்குத் தெரியாது. அவன் எப்படி நம்புவான்?

கம்ப்யூட்டரில் மெயில் கணக்கைப் போட்டபோது, அனுப்புபவர் பெயர் கேட்ட இடத்தில் மருமகள் மலர் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். இதுவரை என் கடிதங்களை எழுதியவளும் அவள்தான்.

"பேரை மாத்தும்மா" என்றேன்.

"உன் பேரு தானே மாமா, நீயே அடி" என்று சிரித்தாள்.

அவள் பெயரை அழித்துவிட்டு என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். பிறகு ஒரே வரி அனுப்பினேன்: "நான்தான்டா."

சாயங்காலம் பதில் வந்தது. "நைனா" என்று தொடங்கியிருந்தான். மலரைக் கூப்பிடாமல் முழுவதும் நானே படித்தேன்.