இடுப்புத் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா

மார்ச் 4, திங்கள்

உறுதியான தகவல்: டெல்பர்ட் கூம்ஸ் வரும் 22ஆம் தேதி பரோலில் வெளியே வருகிறான். சொன்னது மாநிலச் சிறையின் தானியங்கித் தொலைபேசிக் குரல். இயந்திரத்தை மட்டும் நம்பிச் செய்தி போடுகிறவள் அல்ல நான். திருப்பி அழைத்து ஒரு மனிதக் குரலிடமும் சரிபார்த்துக்கொண்டேன்.

அக்கம்பக்கத்துப் பண்ணைக் கன்றுகளுக்குத் தன் சூட்டுக்குறியைப் போட்டு விற்றவன். அதைத் தோண்டி எடுத்துப் பத்திரிகையில் எழுதியது நான். தீர்ப்பு நாளில் என்னைத் தாண்டிப் போகும்போது, "உன் வீட்டுக்கு எந்த ரோட்டுல திரும்பணும்னு எனக்குத் தெரியும், நெட்டி" என்றான். அது மிரட்டலா, பூகோள அறிவா என்று நீதிபதியால் முடிவு செய்ய முடியவில்லை.

அக்கா மேக்ஸின் உடனே அழைத்தாள். "மூட்டையக் கட்டிக்கிட்டு பில்லிங்ஸுக்கு என் வீட்டுக்கு வந்துடு."

"என்கிட்ட துப்பாக்கி இருக்குக்கா."

"அது சுடுமா?"

பேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இடுப்பில் எந்தத் தோட்டாவைச் சுமக்கிறேனோ, அதில் ஒரு முழுப் பெட்டியை, துப்பாக்கிக்குள் ஒன்றுகூடச் சிக்காமல் சுட வேண்டும். முடிந்தால் என் வீட்டிலேயே இருப்பேன். முடியாவிட்டால் 22க்கு முன் அவள் வீட்டு மாடி அறை. அந்த அறையில் அவளுடைய பீங்கான் பொம்மைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கண் உண்டு.

மார்ச் 6, புதன்

ஃபெரலின் துப்பாக்கிக் கடை. என் சின்னக் கைத்துப்பாக்கி த்ரீ-எய்ட்டியைக் கண்ணாடி மேஜைமேல் வைத்ததும், காப்பிக் கோப்பையோடு நின்றவர்கள் எல்லாம் நிபுணர் ஆனார்கள்.

"இதால சுட்டா அவனுக்குக் கோபம்தான் வரும்" என்றார் ஒருவர்.

"இதைவிடப் பெருசா நைன் எம்எம் வாங்கும்மா" என்றார் இன்னொருவர். தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் அதன் ஸ்லைடை என் மணிக்கட்டு வாதத்தோடு இழுக்க வராது என்றேன். "அப்போ அழகான ரிவால்வர் ஒண்ணு இருக்கு. ரோஸ் கலர்ல" என்றார்.

"உங்க தொப்பிக்கு மேட்சா இருக்கும், நீங்களே வாங்கிக்குங்க."

ஃபெரல் மட்டும் விஷயத்துக்கு வந்தார். மூக்கு உருண்டையான தோட்டா ஆளைத் துளைத்து அப்பாலும் போகும். பின்னால் யார் நிற்கிறார்களோ அவர்களுக்கும் ஆபத்து. மூக்கில் குழி உள்ளது உள்ளே போய் விரிந்து நிற்கும். ஆனால் என்னுடையதுபோல் குட்டைக் குழலில் வேகம் குறைவு. விரியாமலே போகலாம், அல்லது விரிந்து, போதிய ஆழம் போகாமல் நின்றுவிடலாம். "இந்த ஊர்ல மே மாசம் வரைக்கும் எல்லாரும் தடிக்கோட்டுதான் போட்டிருப்பாங்க. அந்தத் துணி குழியில அடைச்சுக்கும். அதையும் யோசிச்சுக்கங்க."

மூன்று வகை வாங்கி வந்தேன்.

மார்ச் 7, வியாழன்

மணிக்கட்டு வலி. பனி. டெல்பர்ட் எங்கே தங்கப்போகிறான் என்று யாரும் சொல்ல மறுக்கிறார்கள்.

மார்ச் 9, சனி

சுடுதளம். ராய்ஸ் வந்தான். என் முன்னாள் கணவன்; மணவாழ்க்கையைவிட மணமுறிவில் எங்களுக்கு நன்றாக ஒத்துப்போகிறது.

முதலில், இரண்டு வருடமாக இடுப்பில் சுமக்கும் அந்த விலையுயர்ந்த தோட்டாவைச் சுடலாம் என்றேன். இதுவரை பயிற்சி முழுக்க மலிவுச் சரக்கில்தான்.

"இதை ஒரு தடவைகூடச் சுட்டதில்லையா?"

"விலை என்னன்னு தெரியுமா உனக்கு?"

"அப்போ ரெண்டு வருஷமா நகைதான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கே."

தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, குழலில் இருந்த தோட்டாவை வெளியே எடுத்தான். மேகசினிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினான். முதலாவது குட்டையாக இருந்தது. ஈயமுனை பித்தளைக் கூட்டுக்குள் இறங்கியிருந்தது.

"தினமும் இறக்கி ஏத்துறியா?"

ஆமாம். செய்தி சேகரிக்கப் போகும் நீதிமன்றத்துக்குள் துப்பாக்கி கூடாது. வாரத்தில் ஐந்து நாள் காலையில் காரில் வைத்து இறக்குவேன், மத்தியானம் திரும்பி வந்து ஏற்றுவேன். எப்போதும் அதே தோட்டாதான் முதலில் போகும். ஒவ்வொரு தடவையும் அதன் மூக்கு இரும்பில் இடித்து, மயிரிழை மயிரிழையாக உள்ளே போயிருக்கிறது.

"இதைச் சுட்டிருந்தா அழுத்தம் எக்கச்சக்கமா ஏறியிருக்கும். துப்பாக்கி உன் கையிலயே வெடிச்சிருக்கலாம்" என்றான். கிண்டல் இல்லாமல் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

அதைத் தனியே வைத்துவிட்டு மற்றவற்றைச் சுட்டேன். மூன்றாவது சிக்கியது. துடைத்து மறுபடி. ஐந்தாவது சிக்கியது.

ரெண்டு வருஷம். ஒருநாள் நிஜமாவே தேவைப்பட்டிருந்தா? எத்தனை பேர்கிட்ட எத்தனை கேள்வி கேட்டிருப்பேன் — இதை மட்டும் ஏன் கேக்கல?

மார்ச் 13, புதன்

புது வழக்கம்: துப்பாக்கியிலிருந்து தோட்டாவை இறக்குவதே இல்லை. உறையோடு கழற்றிக் காரின் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு நீதிமன்றம் போகிறேன். நடக்கும்போது இடுப்பு லேசாக இருக்கிறது. மேக்ஸினிடம் சொன்னதற்கு, "பொம்மை அறையில படுக்கை விரிச்சிட்டேன்" என்கிறாள்.

மார்ச் 16, சனி

ராய்ஸின் மேய்ச்சல் நிலம். காலி பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்தோம். முன்னால் தொங்கவிட ஒரு தடிக்கோட்டு வேண்டும் என்றேன். தன்னுடையதையே கழற்றிக் கொடுத்தான். நான் அவனை விட்டுப் போனதற்குக் காரணமான பொருள்களில் அதுவும் ஒன்று.

"குறி வச்சு சுடு, நெட்டி. ஆசை தீரச் சுடாதே."

சிக்கும் வகையை விட்டுவிட்டோம். ஃபெரலிடம் வாங்கிய மூன்றில் முதலாவதன் குழியில் துணி அடைத்துக்கொண்டது. விரியாமல் எல்லாக் கேன்களையும் துளைத்துப் போனது. இரண்டாவது அழகாக விரிந்தது, ஆனால் இரண்டாம் கேனைத் தாண்டவில்லை. மூன்றாவதில் குழியை ரப்பர்போல் ஏதோ அடைத்திருந்தது. கோட்டைத் தாண்டியும் விரிந்து, மூன்றாம் கேனில் நின்றது. சுடும்போது வரும் உதையும் என் மணிக்கட்டு தாங்குகிற அளவுதான்.

பதிவுக்காக: தண்ணீர்க் கேன் மனித உடல் அல்ல. ஒரு மத்தியானச் சோதனை எதையும் நிரூபிக்காது. தேர்ந்தெடுக்க உதவியது, அவ்வளவுதான்.

மார்ச் 19, செவ்வாய்

மூன்றாவது வகையில் சனிக்கிழமை மிச்சமும், ஃபெரலிடம் புதிதாக வாங்கிய ஒரு முழுப் பெட்டியும் சுட்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. ராய்ஸ் சாட்சி.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது — பெட்டி காலி. இடுப்பில் வைக்க ஒன்றுகூட இல்லை. ஃபெரலை அழைத்தேன். "அதுதான் என்கிட்ட இருந்த கடைசிப் பெட்டி. லாரி வியாழக்கிழமை வரும், கணவாயில பனி விழாம இருந்தா."

மார்ச் 21, வியாழன்

கணவாயில் பனி. லாரி வரவில்லை.

இருட்டுவதற்குள் மேக்ஸின் வந்து நின்றாள். அவள் வருவது கிழக்குப் பக்கம், அங்கே சாலை சுத்தம். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜைமேல் ஒரு பெட்டியை வைத்தாள். அதே வகை, அதே எடை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ராய்ஸ் கூப்பிட்டான். இதை வாங்க மூணு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில ரோஸ் கலர் ரிவால்வர் காட்டினான்."

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தே?"

"ஆமா. காரை அணைக்கல பாரு, ஓடிக்கிட்டேதான் இருக்கு. பெட்டி இங்க, கார் அங்க. எது வேணும்னு நீயே சொல்லு."

வெளியே போய்க் காரை அணைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 22, வெள்ளி

வெளியே வந்துவிட்டான். காலையில் சிறையிலிருந்து தகவல். மேக்ஸின் அப்பம் சுட்டாள். நல்ல பசி எனக்கு.

மார்ச் 28, வியாழன்

நேற்று அந்தி நேரம் வெளி கேட்டருகே ஒரு கார் வந்து நின்றது. விளக்கை அணைக்கவில்லை, யாரும் இறங்கவும் இல்லை. நான் வெளியே போகவில்லை. கதவைப் பூட்டி, மேக்ஸினைப் பின் அறைக்கு அனுப்பி, ஷெரிஃப் அலுவலகத்தை அழைத்து லைனிலேயே இருந்தேன். துப்பாக்கி இடுப்பில் உறைக்குள்ளேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கார் திரும்பிப் போய்விட்டது. எண் பலகையில் பாதிதான் தெரிந்தது, மீதி சேறு.

வழி தப்பிய யாராவதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

கார் யாருடையது என்று திங்கட்கிழமை சொல்வதாக ஷெரிஃபின் துணை அதிகாரி சொன்னார். ஜன்னலோரம் தட்டில் இன்று தக்காளி விதை போட்டேன். முளை அடுத்த வாரக் கடைசியில் தெரியும்.