தக்காளிப் பாத்தியில் என் இரண்டடி

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். எனக்குச் சரியில்லாதது மனசுதான், அதற்குக் காரணம் உன் அப்பா.

தோட்டத்தில் யாரும் விதைக்காமல் அந்திமந்தாரை முளைத்திருக்கிறது. தக்காளிப் பாத்திக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவே, நடக்கிற வழியிலேயே, ஏழு செடி. நாலு மணிக்கு மேல் ரோஸும் மஞ்சளுமாக விரிகிறது, ஒரே பூவில் பாதி இது பாதி அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பூச்செடி வைக்க இரண்டடி இடம் கேட்டேன், உனக்கே தெரியும். பட்டறையில் பலகைக்குக் கோடு போடுகிற மாதிரி தோட்டத்துக்கும் நூல் பிடிக்கிறவர், பூவ வதக்கிச் சாப்பிட முடியுமா என்று கேட்டே என் வாயை அடைத்தார். இப்போது அதே மனிதர் சுற்றிலும் குச்சி நட்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டி, எல்லாம் நம்ம கைராசி என்கிறார். கைராசியாம். மண்ணுக்கடியில் பைப் ஒழுகிய ஈரத்தில் முளைத்தது அது.

வால்வை மூடிவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டோம். செடிய எடுத்தாத்தான் தோண்ட முடியும் என்றார் அவர். பூத்து நிக்கறப்ப எப்படிங்க பிடுங்கறது, அப்புறம் வாங்க என்று உன் அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். எட்டு நாள் எதிர்வீட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன், போன வருஷம் எலும்பு முறிந்து கூடிய மணிக்கட்டோடு. அவர் ஒரே ஒரு குடம் தூக்கினார், அதையும் செடிக்கு ஊற்றினார். ஒன்பதாம் நாள் அவர் பட்டறைக்குக் கிளம்பியதும் பிளம்பரை நானே வரச்சொன்னேன். பிளம்பர் வருவதற்குள் பாத்தியின் ஓரத்தில் காய்ப்பு ஓய்ந்த நாலு தக்காளிச் செடியைப் பிடுங்கிப் போட்டு, அந்த ஏழையும் வேர்மண்ணோடு பெயர்த்து அங்கே வைத்தேன். நூல் பிடிக்கவில்லை, கோணல்மாணலாகத்தான் வைத்தேன். மாலையில் வீடு திரும்பிய உன் அப்பா வாடித் தொங்கிய செடிகளைப் பார்த்தபடி நின்றார். பகலெல்லாம் மனசுக்குள் சண்டைக்கு ஒத்திகை பார்த்துவிட்டு நானும் எதிரே நின்றேன். வேர் அறுபடாம எடுத்தியா, தண்ணி ஊத்தினியா, இவ்வளவுதான் கேட்டார். என் கை வீங்கியிருந்தது கண்ணில் படவில்லை. இந்த இடம் இனிமே என்னோடது, நூலத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க என்றேன். சரி என்றார். செடிகள் பிழைத்துவிட்டன, குழாயில் தண்ணீரும் வருகிறது, ஆனால் அந்தச் 'சரி'தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவ்வளவு லேசான விஷயமென்றால் முப்பது வருஷம் என்னை ஏன் கெஞ்சவிட்டார்?

போன கடிதத்தில், உட்கார்ந்து வேலை பார்க்க அந்த வீட்டில் இடமில்லை, மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கேட்டது போதும். அவருடைய டிவியை நகர்த்திவிட்டு உன் மேசையை ஜன்னலோரம் போடு. இருவரும் மனம் ஒத்து, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மேசை கனமாக இருக்கும், தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே, ஒரு பக்கம் அவரையே பிடிக்கச் சொல்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா