சம்பந்தியம்மாவும் நானும் ஒரே கணக்கில்

மார்ச் 4, திங்கள்

கீழ்த்தள அறையில் ஏசி மறுபடி நின்றுவிட்டது. டேபிள் ஃபேனை வைத்து நான்கு சர்வர்களுக்கும் காற்று காட்டிக்கொண்டிருந்தேன். மேலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். செப்டம்பருக்குள் இந்த அறையையே மூடப்போகிறார்களாம். மருத்துவமனையின் பதிவுகள் மொத்தமும் கிளவுடுக்குப் போகின்றன. "நாளைக்கு ஆரம்பிக்கிற கோர்ஸப் படிச்சு பரீட்சை பாஸ் பண்ணிடுங்க மேடம், அதையும் நீங்களே பாத்துக்கலாம். இல்லேன்னா வரவேற்புல உக்கார வேண்டியிருக்கும்." வரவேற்பில் நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருக்க வேண்டும். அதற்குப் படித்துத் தொலைப்பதே மேல்.

பதினேழு வருடமாக இந்த நான்கு பெட்டிகளோடு குடித்தனம். எது இருமினாலும் எனக்குத் தெரியும். இப்போது நாற்பத்தொன்பது வயதில் பரீட்சை. வீட்டில் இவரிடம் சொன்னேன். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், எதற்கும் பதறமாட்டார். "பிட்டு எடுத்துட்டுப் போகாதே, மாட்டிப்பே" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

கணினி மையத்தில் முதல் வகுப்பு. பதினொரு பேர். சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு என் மகள் வயது. சரி என்று உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், சுவரோரமாக சம்பந்தியம்மா. என் மாப்பிள்ளையின் அம்மா. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருக்கிறார்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் உடம்பு எப்படி, மழை எப்படி என்பதுதான். வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல சொல்லிடாதீங்க. தையல் கிளாஸுக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

சொல்லமாட்டேன் என்றேன். என் மகள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவளிடமும் சொல்லக்கூடாது. எனக்கு எதற்கு இந்த வம்பு?

மார்ச் 7, வியாழன்

இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். பழகிப் பார்க்க, கிளவுடில் இரண்டு பேருக்கு ஒரு கணக்கு. நானும் சம்பந்தியம்மாவும். "நீங்க உக்காருங்க", "இல்லல்ல, நீங்க மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே நின்றதில் பாதிப் பாடம் போய்விட்டது.

மார்ச் 14, வியாழன்

இன்று ஒரு சர்வரை "உருவாக்கினோம்". நான்கு பொத்தான், இரண்டு நிமிடம். எங்கோ தூரத்தில் யாருடைய கட்டிடத்திலோ இருக்கிற பெரிய இயந்திரத்தில் நமக்கு ஒரு மூலையை ஒதுக்கித் தருகிறார்கள், அவ்வளவுதான். எனக்குக் கோபமாக வந்தது. தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. சூடாக இருக்கிறதா, சத்தம் போடுகிறதா, ஒன்றும் தெரியாது.

சம்பந்தியம்மா மட்டும் கிடுகிடுவென்று போகிறார். கேட்டேன். மகன் பிறக்கும் முன் இரண்டு வருடம் ஒரு அலுவலகத்தில் புரோகிராம் எழுதினாராம். "அப்புறம் அவன் வந்தான், விட்டாச்சு. இருபத்தாறு வருஷமாச்சு." யாரோ தெரிந்தவர்களின் கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

மார்ச் 24, ஞாயிறு

மகள் வீட்டில் மதியச் சாப்பாடு. ஆறாவது மாதம், முகம் பளபளவென்று இருக்கிறது, கண் பட்டுவிடும். பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதத்தில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. பேச்சு என்றுகூடச் சொல்லமுடியாது. "அத்தை இருக்காங்களே" என்றாள் மகள். "அம்மா இருக்காங்க" என்றார் மாப்பிள்ளை. சம்பந்தி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே ஆட்டினார்.

நானும் சொன்னேன். இங்கே எழுதித்தான் ஆக வேண்டும், எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது நான்தான். "சம்பந்தியம்மா இருக்கும்போது நமக்கென்ன கவலை?"

அவர் டம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்றைய பாடம்: கணக்குக்குள் யாருக்கு எவ்வளவு உரிமை. வேலைக்கு வேண்டிய அளவுதான் கொடுக்க வேண்டும், ஒரு இம்மி கூடக்கூடாது. வீட்டுப்பாடம்: முழு உரிமை இருவரில் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும், மற்றவர் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 11, வியாழன்

மானம் போயிற்று. ஆனால் இவ்வளவு சிரித்து வருஷக்கணக்காகிறது.

நடந்தது இது. மாப்பிள்ளையின் அம்மா, அவரே நிர்வாகியாக இருக்கட்டும் என்று நேற்று மத்தியானம் நான் என் உரிமையை நீக்கிக்கொண்டேன். பதினேழு வருட அனுபவசாலி, அவரே இருக்கட்டும் என்று சாயங்காலம் அவர் தன் உரிமையை நீக்கிக்கொண்டார். காலையிலேயே திறந்து வைத்த பழைய பக்கமாம், அதில் நிர்வாகி என்று என் பெயர் அப்படியே இருந்திருக்கிறது. இன்று வகுப்பில் போய்த் திறந்தால் இருவருக்கும் கதவு சாத்தியிருக்கிறது. சொந்த வீட்டு வாசலில் இரண்டு பேரும் சாவி இல்லாமல் நிற்கிறோம்.

சொல்லிக்கொடுக்கும் பெண் தன் தலைமைக் கணக்கில் போய்த் திறந்துவிட்டாள். "அம்மா, உரிமைக்குச் சண்டை போட்டவங்களப் பாத்திருக்கேன். மரியாதைக்காக ரெண்டு பேரும் வெளிய போனத இப்பதான் பாக்குறேன்." வகுப்பே சிரித்தது. மாடிப்படியில் உட்கார்ந்து நாங்களும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சிரிப்பு ஓய்ந்த பிறகு அவர் சொன்னார். "எனக்கு வேலைக்குப் போகணுங்க. இன்னொரு தடவையாவது. அம்பத்தி நாலு ஆகப்போகுது." கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தார். "குழந்தையப் பாத்துக்க எனக்கு ஆசை இல்லாம இல்ல. ஆனா யாரும் என்னைக் கேக்கவே இல்லையே."

கேட்காதவர்களில் முதல் ஆள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

கேட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டால்? என் பெண்ணின் வேலை? நான் சுயநலக்காரிதான்.

ஏப்ரல் 25, வியாழன்

மேலாளர் சொன்னார், எல்லாவற்றையும் மாற்றிய பிறகு ஒருவர் போதாதாம், இன்னொரு ஆள் எடுப்பார்களாம். திங்கள் முதல் வெள்ளி. சட்டென்று சம்பந்தியம்மா நினைவுதான் வந்தது. பின்னாலேயே மகள் நினைவு வந்தது. சாயங்காலம் வகுப்பில் அவர் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அவர் எனக்குப் பொறுமையாக நெட்வொர்க் பாடத்தை மூன்று முறை விளக்கினார். எனக்கு என்மேலேயே எரிச்சல்.

ஏப்ரல் 30, செவ்வாய்

இன்று அந்தப் பெண் பலகையில் ஒரே ஒரு பெட்டி வரைந்து, அதை நோக்கி இருபது கோடு இழுத்தாள். "எல்லா வேலையும் இந்த ஒரு சர்வர் தலைமேல. இது நல்லா ஓடுற வரைக்கும் யாருக்கும் இது ஞாபகமே வராது." பிறகு அழித்துவிட்டு மூன்று பெட்டி வரைந்து கோடுகளைப் பிரித்துவிட்டாள். சுமையைப் பகிர வேண்டும், எதையும் ஒன்றை மட்டும் நம்பி விடக்கூடாது, இதுதான் இந்தத் தொழிலின் அடிப்படையாம்.

பலகையைப் பார்த்துக்கொண்டே வீட்டை நினைத்தேன். ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் அந்த வீட்டில் பேப்பரை விளம்பரம் உட்பட இரண்டு முறை படிக்கிறார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இந்த வீட்டில் ஓடாத ரேடியோவைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார். இரண்டும் நல்ல நிலையில், சும்மா இருக்கின்றன. இது ஏன் இத்தனை நாள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை?

படியில் வைத்து, மருத்துவமனையில் ஆள் எடுப்பதைச் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். ஐந்து நாளாக மறைத்ததையும் சொன்னேன். "பரவாயில்ல, பொண்ணைப் பெத்தவங்க அப்படித்தான் யோசிப்பீங்க" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம். வீட்டில் நான் பேசட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நானே பேசுறேன். நீங்க பக்கத்துல இருங்க, போதும்."

மே 19, ஞாயிறு

பேசிவிட்டார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது, நடுங்காத குரலில். தையல் இல்லை, கிளவுட். இந்த மாதக் கடைசியில் பரீட்சை. பாஸானால் வேலைக்கு மனு போடப்போகிறார்.

சம்பந்தி பேப்பரை இறக்கினார். "அதான் ஒரு தலையணை உறைகூட வீட்டுக்கு வரலையேன்னு பாத்தேன்." யாரும் சிரிக்கவில்லை.

மகள் என் பக்கம் திரும்பினாள். "உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" தெரியும் என்றேன். "அப்ப என் வேலை? நான் விட்டுடணுமா?" யாரும் விட வேண்டாம், வீட்டுக்கு ஒருவராக இரண்டு ஆண்பிள்ளைகள் காலை முதல் மாலை வரை சும்மாதானே இருக்கிறார்கள் என்றேன். இவர் மெல்ல, "என்னையா சொல்றே?" என்றார். "உங்களையும்தான்" என்றேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எனக்கு அம்மாவா, அவங்களுக்கு ஃப்ரெண்டா?" என்று கேட்டுவிட்டு மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏன், ரெண்டுமா இருக்கக்கூடாதா? அங்கயே கேட்டிருக்கணும். வயித்துப் புள்ளக்காரிய அழ வெச்சுட்டு வந்துட்டேன். பஸ்ஸுல வரும்போது இவர் தோளத் தட்டிக்கிட்டே இருந்தார். அதுக்கும் அழுகைதான் வந்துச்சு.

மே 25, சனி

ஆறு நாளாக மகளிடமிருந்து போன் இல்லை. நான் போட்டால், "தூங்குறா அத்தை" என்கிறார் மாப்பிள்ளை. ஒரு மனுஷி எவ்வளவு நேரம் தூங்குவாள்.

மே 30, வியாழன்

பரீட்சை. அறுபது கேள்வி. முடித்துப் பொத்தானை அழுத்தியதும் திரையிலேயே மதிப்பெண் வந்துவிட்டது. நூற்றுக்கு எழுபது எடுத்தால் பாஸ். எனக்கு எழுபத்திரண்டு. சம்பந்தியம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று. வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மூன்று வருடத்தில் முதல் முறை. அவர் என்னைவிட இவ்வளவு குட்டை என்பது இன்றுதான் தெரிந்தது.

இவரிடம் எழுபத்திரண்டு என்றேன். "ரெண்டு மார்க் எதுக்கு வேஸ்ட் பண்ணினே?" என்றார்.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் மகள். தனியாக ஆட்டோவில் வந்திருக்கிறாள். உள்ளே வந்து கட்டிலில் சாய்ந்து, வீங்கிய காலைத் தூக்கி என் மடியில் போட்டாள். பிடித்துவிட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, "பயந்துட்டேன்மா. அவங்க பண்ணின மாதிரி நானும் விட வேண்டியதா போயிடுமோன்னு" என்றாள். பிறகு, "அத்தைகிட்ட போய்க் கேட்டேன். உங்களுக்கு என்ன வேணும் அத்தைன்னு. மொதல்லயே கேட்டிருக்கணும்."

"என்ன சொன்னாங்க?"

"சனி ஞாயிறு பாப்பா அவங்களுக்குத்தானாம். நானே ஆனாலும் குறுக்க வரக்கூடாதாம்."

இருவரும் சிரித்தோம். அவள் அழுதாள், நான் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். என் குழந்தை.

ஜூலை 11, வியாழன்

பெண். மூன்று கிலோ. இரண்டு தாத்தாக்களும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 31, சனி

நான்கு சர்வர்களையும் என் கையால் அணைத்தேன். கடைசியானது நின்றதும் அறையில் அப்படி ஒரு அமைதி. பதிவுகள் ஒன்று குறையாமல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன, மூன்று முறை சரிபார்த்தேன். ஆனாலும் கடைசிப் பெட்டியை ஒரு முறை தடவிக்கொடுத்தேன், பொய் சொல்வானேன்.

நேற்று இரண்டாவது ஆளுக்கான நேர்முகம். எனக்கு உறவு என்பதால் உள்ளே உட்காரமாட்டேன் என்று மேலாளரிடம் எழுதியே கொடுத்திருந்தேன். ஆறு பேர் வந்தார்கள். சம்பந்தியம்மாவைத்தான் எடுத்தார்கள். இருபத்தாறு வருட இடைவெளியைப் பற்றிக் கேட்டார்களாம். "வீட்டை ஓட்டினேன், ஒரு நாளும் நிக்கலை" என்றாராம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தாத்தாக்களுக்குப் பயிற்சி. திங்கள், புதன், வெள்ளி சம்பந்தி. செவ்வாய், வியாழன் இவர். சம்பந்தி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்கிறார், எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்கு ஈரம். இவர் குழந்தையை ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மகள் சொல்லிக்கொடுக்கிறாள், இரண்டு பேரையும் நன்றாகவே மிரட்டுகிறாள். சம்பந்தியம்மா சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அக்டோபர் 7, திங்கள்

மகள் வேலைக்குத் திரும்பினாள். சம்பந்தியம்மாவுக்கு இன்று முதல் நாள். எட்டரைக்கே வந்து வாசலில் நின்றிருந்தார். எங்களுக்கு இப்போது முதல் மாடியில் இடம், ஜன்னல் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து மேசை.

புதிதாகச் சேர்ந்த ஒன்பது நர்ஸுகளுக்குக் கணக்கு திறந்து, அவரவர் வார்டுக்கு மட்டும் உரிமை கொடுக்கும் வேலையை அவரிடம் தந்தேன். நான்காவது நர்ஸை முடித்தபோது அவர் போன் அடித்தது. வீட்டிலிருந்து. அவர் கை நின்றது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. "எடுக்கட்டுமா?" என்று என்னைப் பார்த்தார். "அது உங்க இஷ்டம், என்னைக் கேக்காதீங்க" என்றேன். நானும் தட்டுவதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டேன், என் பேத்தி அல்லவா.

எடுத்தார். அமைதியான அறை, சம்பந்தியின் குரல் எனக்கே கேட்டது. "ஒண்ணுமில்ல. குடிச்சா, தூங்கிட்டா. நானே தூங்க வெச்சேன். அதைச் சொல்லத்தான் போட்டேன்."

"சரி. சாயங்காலம் வந்து கேக்குறேன்" என்று வைத்துவிட்டார்.  கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி ஐந்து பேரையும் முடித்தார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், ஒரு பிழை இல்லை.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்து என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.