மூக்குக்கிட்ட ஒரு விரல்

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். பாப்பாவுக்குப் பீய்ச்சி வச்ச பால் ஃபிரிட்ஜுல இருக்கு. பாட்டிலை வெந்நீர்ல வச்சு எடுங்க, அடுப்புல வைக்காதீங்க. ஏப்பம் விட்டதும் மல்லாக்கப் படுக்க வைங்க. தொட்டில்ல துணி எதுவும் வேண்டாம்.

"நீ மூக்குக்கிட்ட விரல் வச்சு வச்சுதான் பாப்பா பகல்ல தூங்கவே மாட்டேங்குறா"ன்னு நேத்து கத்தினீங்க. ஆனா முந்தாநாள் கதவிடுக்குல பாத்தேன், நீங்களும் விரல் வச்சீங்க. அவ சிணுங்கி முழிச்சுட்டா.

பெரியவன் மதியம் தூங்கி எழுந்திருக்காமப் போனதுலேருந்து நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்தான். இன்னைக்காவது இவளைத் தூங்க விடுங்க.

நான் வரும்போது மணி அடிச்சு அவளை எழுப்ப மாட்டேன், என் சாவி பூச்சட்டிக்கு அடியில இருக்கு.

மனசு கேக்கலைன்னா ஒரே ஒரு தடவை பாருங்க. அப்போ எனக்கு போன் போடுங்க. பேச வேண்டாம், போனை அவ மூக்குக்கிட்ட வைங்க.