மங்கோலியாவுக்கான படிவம்

செவ்வாய்

காலை ஆறுக்கே புழுக்கம். விளாங்குடி வெயிலில் கம்பளிக் காலுறை வாங்கி வந்தது எனக்கே சிரிப்பு. மே மாதம் மங்கோலியா, பன்னிரண்டு நாள். பனிச்சிறுத்தை மலைகள், கழுகு வைத்து வேட்டையாடும் கசாக் குடும்பங்கள், அவர்கள் பக்கத்திலேயே கூடாரம். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு முதல் பயணம்.

எடுக்க: அவருடைய பைனாகுலர், பி.பி. மாத்திரை, புளிக்காய்ச்சல்.

பயணப் படிவம் நிரப்பியாயிற்று. 'கை நடுக்கம், மயக்கம்?' இல்லை என்று எழுதினேன். வலது கை ஒரு வருடமாக நடுங்குகிறது. யாருக்கும் தெரியாது.

மாலை நூர்ஜகான் வீடு. கான்வென்ட் பள்ளியில் நாங்கள் ஒரே பெஞ்சு. பயணத்திலும் ஒரே கூடாரம். மறுபடியும் எனக்கு அரை டம்ளர் டீ. அவளுக்கு முழுசு. இது என்ன உபசாரம்?

வியாழன்

பயண ஏற்பாட்டாளர் கூட்டம். கசாக் வீடுகளில் டீயை அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்களாம். அதுதான் மரியாதை. நிரப்பினால், கிளம்பலாம் என்று அர்த்தம்.

நூர்ஜகான்: "அப்ப நா இவளுக்கு ஒரு வருசமா மரியாததேன் பண்ணிக்கிட்டிருக்கேன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் இல்லை.

ஆட்டோவில் கேட்டேன், ஏன் அரை என்று.

"நெறைய ஊத்துனா சேலையில கொட்டிக்குவ. அப்புறம் டம்ளர் சரியில்லன்னு என்னைய வைவ."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருடமாக.

"ஃபார்ம்ல எழுதுனியா புஷ்பம்?"

"அது என் விஷயம்."

"ரெண்டு நாளு குதிரையில போகணும்டி. கயித்த விட்டுட்டு நீ விழுந்தீன்னா தூக்கப்போறது யாரு, ஒன் பைனாகுலரா?"

இறங்கும்போது 'வாரேன்' கூடச் சொல்லவில்லை அவள்.

வெள்ளி

அவளிடமிருந்து போன் இல்லை.

படிவத்தில் 'இல்லை'யை அடித்து 'உண்டு' என்று எழுதினேன். ஓரத்தில் சுருக்கொப்பம். கோணல். கான்வென்ட் சிஸ்டர் பார்த்தால் மறுபடி எழுதச் சொல்வார். அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஏற்பாட்டாளர் போனில்: "டாக்டர் லெட்டர் வேணும்மா. திங்கக்கிழமைக்குள்ள வரலேன்னா பேர எடுத்துருவோம்."

நாளை டாக்டரிடம் போவதை நூர்ஜகானுக்குப் போனில் சொன்னேன். "எத்தன மணிக்கு? நா வாரேன்." அவ்வளவுதான்.

சனி

நரம்பு டாக்டர். தாளில் சுருள் வரையச் சொன்னார். வரைந்தேன். கோழி கிளறின மாதிரி.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

நூர்ஜகானைப் பார்த்தேன். அவள் காலண்டரைப் பார்த்தாள்.

"ஒரு வருஷம்."

ஸ்கேன் வேண்டும். முடிவு புதன்கிழமை. அதுவரை கடிதம் தர மாட்டாராம்.

வெளியே வந்ததும் நூர்ஜகான் ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டாள். "அண்ணே, எங்க ரெண்டு பேரையும் அடுத்த குரூப்புல போடுங்க."

'நீயாவது போ' என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.