இல்லாத பாத்தியம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுப்பதாக நீ எழுதி அனுப்பிய பத்திரம் வந்தது. இருபது வருஷமாகப் பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து இதையே டைப் அடிக்கிற எனக்கு, வேறு ஆளை வைத்து எழுதி அனுப்பியிருக்கிறாயே, அது இருக்கட்டும்.

முதல் பக்கத்தில் எனக்கு அந்த வீட்டில் எந்தப் பாத்தியமும் இல்லை என்கிறாய். மூன்றாம் பக்கத்தில் அதே பாத்தியத்தை நான் முழுமனதோடு விட்டுக்கொடுக்கிறேனாம். இல்லாததை எப்படி அண்ணா விட்டுக்கொடுப்பது? உண்டு என்று எழுதிய பிறகுதான் விட்டேன் என்று எழுத முடியும். என்னிடம் வருகிற எல்லாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அண்ணி சௌக்கியமா? குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா?

பின்னறையைக் கழுவிவிட்டேன். மூன்று வருஷம் அப்பா படுத்திருந்த கட்டிலின் கால் தடம் நாலும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

வீடு எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள். பத்திரத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். முதல் பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, 'இது என் தங்கைக்கும் சொந்தமான வீடு' என்று உன் கையால் எழுதி அனுப்பு. அது வந்து சேர்கிற அன்றைக்கே கையெழுத்துப் போட்டு, சாவியையும் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாத்தியமுள்ள உன் தங்கை